நீள்முடி ராஜாவும் அரண்மனை மேனேஜரும்

எங்கள் அறையில் ஒரு ராஜா இருந்தார். துபாய்க்கு அந்தப் பக்கம், ராஸ் அல் கைமாவில் கம்மோடும் வாஷ்பேசினும் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கேம்ப்பில், ஆறு பேர் படுக்கும் அறையில், ஏசிக்கு நேர் எதிரே இருந்த கட்டில்தான் அவருடைய தலைநகரம். சிவகங்கைப் பக்கத்து ஆள். வயது ஐம்பத்திரண்டு, எங்கள் எல்லாருக்கும் அண்ணன். சூளையில் வெந்து வரும் கம்மோடுகளைக் கன்வேயரிலிருந்து இறக்கி வைப்பது அவர் டூட்டி. தோளுக்குக் கீழே ஒரு சாண் தொங்கும் முடி வைத்திருந்தார். அந்த முடிக்காகத்தான் அவருக்கு ராஜா பட்டம். பட்டம் கட்டியவன் நான். அந்த முடியை வெட்டியவனும் நான்தான்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். அவரைவிட ஆறு வயது சின்னவன். வரலாறு பி.ஏ., இரண்டு அரியர் இன்னும் பாக்கி. கல்லூரியில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சாமி இல்லை என்று மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். இப்போது அதே கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். சின்ன மரச்சுத்தியலால் ஒவ்வொரு கம்மோடையும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கணீரென்றால் பாஸ். சொத்தென்றால் உள்ளே எங்கோ கிராக் இருக்கிறது, அங்கேயே உடைத்துப் போட்டுவிட வேண்டும். மேலே புள்ளி, கறை என்று சின்னக் குறை இருந்தால் மட்டும் செகண்ட் குவாலிட்டி. நாட்டு மக்கள் உட்காரப்போகும் சிம்மாசனங்களைத் தட்டிப் பார்க்கிற வேலை என்று வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கேம்ப்பில் ஒரு ரெக்ரியேஷன் ரூம் உண்டு. கேரம் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெல்ஃப். வில்லாவைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு குடும்பம் அதில் ஒரு பெட்டிப் புத்தகத்தைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. எடை குறைப்பது எப்படி, கேக் செய்வது எப்படி, குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகங்கள். அவற்றுக்கு அடியில் அட்டை கிழிந்து, முதல் அத்தியாயமே இல்லாமல், செங்கல் கனத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகம். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இன்றைய பிரான்சையும் ஜெர்மனியையும் ஆண்ட ஃபிராங்க் ராஜாக்களின் கதை. எடை குறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை லீவு. மதியம் கறிக்குழம்பு முடிந்ததும் ஆளுக்கொரு கட்டிலில் சாய்ந்துகொள்வார்கள். நான் கதை சொல்வேன். ராஜாக்களின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நுழைந்த ஒன்றிரண்டும் அப்பனுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஒரே பெயராக இருந்தன. அதனால் பெயரையே விட்டுவிட்டேன். அந்த ஊர்க்காரர்களும் இதே சிக்கலில் மாட்டித்தான் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். குட்டையர், மொட்டையர், தடியர், திக்குவாயர். கண்டத்தையே கட்டி ஆண்ட பேரரசரை ‘தடியர்’ என்று சரித்திரத்தில் எழுதி வைத்த ஜனங்களின் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது. எங்கள் கேம்ப்பிலும் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவன் பிரியாணி, ஒருவன் ஏழரை, எதிர் ரூமில் இருப்பவன் வெறும் ‘தும்மல்’.

முதல் வெள்ளிக்கிழமை ஜாடிக் கதை சொன்னேன். ஒரு ராஜா. சண்டையில் கொள்ளையடித்ததைச் சிப்பாய்களுக்குப் பங்கு வைக்கிறான். அதில் ஒரு மாதா கோயில் ஜாடி, அம்மாம் பெரிசு. அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு என்று பிஷப் ஆள் அனுப்பிக் கேட்கிறார். “தம்பிகளா, என் பங்குக்கு மேல இந்த ஜாடியையும் எனக்குக் குடுங்க” என்கிறான் ராஜா. எல்லாரும் சரி என்கிறார்கள். ஒருத்தன் மட்டும் கோடாலியை ஓங்கி ஜாடியில் ஒரே போடு. உன் பங்குக்கு என்ன விழுகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள் என்கிறான். ராஜா வாயே திறக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து அணிவகுப்பு. ராஜா ஒவ்வொருத்தன் ஆயுதத்தையும் பார்த்துக்கொண்டு வருகிறான். அந்த ஆள் முன்னால் நின்று, என்னடா கோடாலி வைத்திருக்கும் லட்சணம் இது என்று பிடுங்கித் தரையில் எறிகிறான். எடுக்கக் குனிந்தவன் மண்டையில் தன் கோடாலியை இறக்கிவிட்டுச் சொல்கிறான்: “ஜாடியை நீ இப்படித்தானே உடைச்ச?”

எங்கள் ஆட்களுக்குச் செத்தவனைப் பற்றிக் கவலையில்லை. உடைந்த ஜாடி ஃபர்ஸ்ட் குவாலிட்டியா, அவனைச் சம்பளத்தில் பிடித்துவிட்டு விட்டிருக்கலாமே என்று விசாரணை நடந்தது. அண்ணன் மட்டும் முடியைக் கோதிக்கொண்டே சொன்னார்.

“ஒரு வருசம் மனசுக்குள்ளயே வச்சிருந்தான் பாத்தியா. அவன் ராசா.”

அதே ராஜாதான் இன்னொரு சண்டையில் தோற்கப்போகும் நேரத்தில் பெண்டாட்டி கும்பிடுகிற சாமியிடம் வேண்டிக்கொள்கிறான். ஜெயிக்க வைத்தால் உன் ஆளாகிவிடுகிறேன் என்கிறான். ஜெயித்தான், முழுக்கு வாங்கிக் கிறிஸ்தவனானான். நான் இதைக் கிண்டலாகத்தான் சொன்னேன், சாமியோடு டீலிங் பேசிய ராஜா என்று. அண்ணன் சிரிக்கவில்லை.

“இதுல என்னப்பா கேலி? வேண்டுனான், நடந்துச்சு, செஞ்சான்.”

அவர் தலையில் வளர்ந்ததும் அதுதான். மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தையில்லை. பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்க்க ஆரம்பித்தார். பேரன் பிறந்துவிட்டான், எட்டு மாசம் ஆகிவிட்டது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு பழனியில் இரண்டு பேருக்கும் சேர்த்து மொட்டை. இதுதான் அவருடைய ஒரே திட்டம். ஆனால் லீவு இரண்டு முறை தள்ளிப் போயிற்று. ஆள் மாஃபி, ஆள் இல்லை, அடுத்த மாசம் பார்ப்போம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். முடி மட்டும் லீவு கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நீள்முடி ராஜாக்கள். அந்த வம்சத்தில் முடி வெட்டவே கூடாது. நீள முடி இருந்தால்தான் ராஜா, வெட்டிவிட்டால் பதவி போச்சு. போகப்போக ராஜாக்களுக்கு முடி மட்டும்தான் மிச்சம். அரண்மனை மேனேஜர் என்று ஒருவன் இருந்தான். படை, வரி, தீர்ப்பு எல்லாம் அவன் கையில். ராஜா மாட்டு வண்டியில் வந்து இறங்கி, தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்து, மேனேஜர் சொல்லிக் கொடுத்ததை வெளிநாட்டுத் தூதர்களிடம் ஒப்பித்துவிட்டு, மறுபடி மாட்டு வண்டியில் ஏறிப் போவார்.

அறையே அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. ரூமில் மூத்தவர் என்ற மரியாதை அவருக்கு. ஆனால் என்ன சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, யாருக்கு எந்தக் கட்டில் என்று முடிவு செய்வது நான். சண்டை வந்தால் அவரிடம் பஞ்சாயத்துக்குப் போவார்கள். அவர் என்னைப் பார்ப்பார். நான் கண்ணைக் காட்டுவதைத் தீர்ப்பாகச் சொல்வார். டூட்டி பஸ்ஸில் முன் சீட்டும் அவருக்குத்தான். அன்றைக்கே அவர் ராஜா ஆனார், நான் மேனேஜர் ஆனேன்.

கடைசியில் ஒரு மேனேஜர் போப்பாண்டவருக்கு ஆள் அனுப்பிக் கேட்கிறான். பெயருக்கு ராஜாவாக இருப்பவன் ராஜாவா, உழைக்கிறவன் ராஜாவா? உழைக்கிறவன்தான் என்று பதில் வருகிறது. இந்த இடத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே ருசித்துச் சொன்னேன்.

“அந்த ராசா என்ன ஆனாரு?” என்றார் அண்ணன்.

“முடியை வெட்டி மடத்துல உக்கார வச்சுட்டாங்க.”

“சோறு போட்டாய்ங்களா?”

“போட்டிருப்பாங்கண்ணே.”

“அப்பச் சரி.”

அடுத்த மாசம் ஒரு புது சேஃப்டி ஆபீசர் வந்தார். வந்த வாரத்திலேயே ஒருவனுடைய தொப்பிக் கயிறு கன்வேயர் பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தொப்பிதான் சட்னி. ஆனால் ஆபீசர் உஷாராகிவிட்டார். ரவுண்ட்ஸ் வந்தபோது அண்ணனின் தொப்பிக்குக் கீழே கொண்டையைப் பார்த்தார். ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார். இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல நான் கூடப் போனேன். மேனேஜர் இல்லாமல் ராஜா எங்கே போவார்?

ஆபீசர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். எங்களை உட்காரச் சொன்னார். காலரைத் தாண்டி முடி இருக்கக் கூடாது என்று புது ரூல், ஞாயிற்றுக்கிழமைக்குள் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் இல்லாத இடத்துக்கு, புஜைரா ஸ்டோருக்கு மாற்றிவிடுவேன் என்றார். புஜைரா போனால் அண்ணனின் லீவு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். இதையெல்லாம் நான் அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆபீசர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஃபார்மை எடுத்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இரண்டு சர்தார்ஜிகளுக்கு இதில்தான் விலக்கு கொடுத்திருக்கிறேன், வலை போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டால் போதும் என்றார். பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இது ரிலிஜன் சம்பந்தப்பட்டதா?”

பதில் ஒரே வார்த்தை. அண்ணன் என் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. இருபத்தைந்து வருஷமாகச் சாமி இல்லை என்று பேசிய வாய். அந்த ஆபீசர் வந்த நாளிலிருந்து என்னைத்தான் படித்தவன் என்று மதித்துப் பேசுவார். அவர் முன்னால், ‘சார், இவருடைய சாமி இவரிடம் முடி கேட்டிருக்கிறது’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. என் கூச்சம், அவர் முடி.

“நோ சார். பெர்சனல்” என்றேன்.

ஆபீசர் ஃபார்மை டிராயரில் போட்டு மூடினார்.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார், “என்னப்பா சொல்றான்?”

“ரூலுண்ணே. ஒண்ணும் பண்ண முடியாது. கலாஸ், முடிஞ்சுபோச்சு.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு லைனுக்குப் போய்விட்டார்.

ரூமில் விஷயம் வெடித்தது. சர்தாருக்குக் கொடுத்த பேப்பர் நமக்கு ஏன் இல்லை என்று பிரியாணி கேட்டான். அது அவர்களுக்கு மட்டும்தான் என்று இன்னொரு பொய் சொன்னேன். மறுநாள் சேஃப்டி ஆபீஸ் வாசல் வரை போனேன். உள்ளேயும் போனேன். ஆபீசர் நிமிர்ந்து என்ன விஷயம் என்றார். கையுறை கிழிந்துவிட்டது, புதுசு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கையுறை கிழியவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கையுறை நினைவுதான் முதலில் வந்து என்னை அறைகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். கேம்ப் சலூன்காரரைக் கூப்பிட வேண்டாம் என்றார் அண்ணன்.

“அவன் கூட்டித் தள்ளிருவான். ஒரு முடி கீழ விழக் கூடாது. ஏப்பா, நீயே வெட்டு.”

இரண்டு பேர் மஞ்சள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். சமையல் கத்தரிக்கோலைக் கழுவி எடுத்து வந்தேன். வெட்ட ஆரம்பிக்காமல் வழக்கம்போல வாயைத் திறந்தேன். ஒரு ராணிக் கிழவியிடம் கத்தரிக்கோலையும் கத்தியையும் நீட்டி, உன் பேரன்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார்களாம். முடி போவதைவிடச் சாவதே மேல் என்றாளாம் கிழவி. இரண்டு பேரன்கள் செத்தார்கள், மூன்றாமவன் மட்டும் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு சாமியாராகிப் பிழைத்தான் என்று சொல்லி நிறுத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. “சும்மா வெட்டு, மேனேஜர்” என்றான் பிரியாணி.

வெட்டி முடித்ததும் அண்ணன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆள் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தார்.

“அந்தப் புஸ்தகத்துல, ராசாவுக்கு முடி வெட்டுனவன் பேரு எழுதியிருக்கா?”

“இல்லண்ணே.”

“அதானே” என்று எழுந்துகொண்டார்.

அடுத்த மாசம் எனக்கு லீவு வந்தது. அண்ணனுக்கு இன்னும் நாலு மாசம் என்றார்கள். நான் கிளம்புகிற அன்று ஒரு மஞ்சள் துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். வெட்டிய முடி ரூமில் இருக்கக் கூடாது, பழனியில் சேர்த்துவிடு என்றார்.

“நான் கோயிலுக்கெல்லாம் போறதில்லண்ணே. தெரியும்ல.”

“நீ சாமி கும்பிட வேணாம். குடுத்துட்டு மட்டும் வா.”

திருச்சி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் பையைப் பிரித்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். ஒரு சாணுக்கு மேல் நரைத்த முடி, நூல் கட்டி, சுருட்டி வைத்தது.

“என்னங்க இது?”

“முடி சார்.”

“அது தெரியுது. எதுக்கு?”

பின்னால் நீள வரிசை. கூச்சப்பட நேரமில்லை. “சாமிக்கு நேந்துக்கிட்டது சார். பழனிக்கு” என்றேன்.

அவர் பையை மூடி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். போயிட்டு வாங்க என்றார். இரண்டு நொடிதான் ஆயிற்று. ராஸ் அல் கைமாவில் அந்த இரண்டு நொடியை என்னால் செலவழிக்க முடியவில்லை. டாக்சியில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. டிரைவர், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எல்லாரும் அழத்தான் செய்வார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்காரியோடு பழனிக்குப் போனேன். முடி காணிக்கை மண்டபத்தில் பையைப் பிரித்து நீட்டினேன். சவரக்காரர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“முடி இருக்கு. தலை எங்கங்க?”

“தலை கல்ஃப்ல இருக்கு. லீவு கிடைக்கல.”

“அப்ப அந்தக் குவியல்ல போட்டுட்டு, கும்பிட்டுட்டுப் போங்க.”

போட்டேன். அவ்வளவுதான் வேலை, கிளம்பியிருக்கலாம். ஆனால் மனசு ஒப்பவில்லை. அடுத்தவன் தலையை என் வாயால் வெட்டிவிட்டு, என் தலையை மட்டும் எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு நிற்கிறேன். சவரக்காரர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பக்தியெல்லாம் வரவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலையேறினேன், வெயிலில் மண்டை காந்தியது, கூட்டத்தில் ஒருவன் காலை மிதித்தான். இந்தப் பழைய கறுப்புச் சட்டைக்காரன் மொட்டையில் சந்தனம் பூசும்போது வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டன.

கேம்ப்புக்குத் திரும்பிய அன்று ரூமே எழுந்து நின்று கும்மாளம் போட்டது. மேனேஜரை மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள், ஆட்சி கவிழ்ந்தது என்று ஏழரை தட்டில் தாளம் போட்டான். அண்ணன் மட்டும் கட்டிலில் உட்கார்ந்தபடி என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு விரற்கடை முடி வளர்ந்திருந்தது. மற்றவர்கள் கிச்சனுக்குப் போனதும் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.

“அண்ணே, அன்னைக்கு ஆபீஸ்ல...”

“ரிலிஜனான்னு கேட்டான். நீ நோன்னு சொன்ன” என்றார். “இருவத்திரண்டு வருசமா இந்த மண்ணுல கெடக்கேன். அந்த ரெண்டு வார்த்தை கூடத் தெரியாதாப்பா?”

அப்போதே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“படிச்சவன், ஏதோ பிளான் வச்சுத்தான் நோங்கிறான்னு நெனச்சேன். வெளிய வந்து ரூலுன்னு சொன்ன பாரு, அப்பத்தான் வெளங்குச்சு. சரி, நாளைக்குள்ள போய்ச் சொல்லிருவான்னு பாத்தேன். நீ கையுறை வாங்கிட்டு வந்த.”

“அப்புறம் எதுக்குண்ணே என்னையே வெட்டச் சொன்னீங்க? என்கிட்டயே எதுக்குக் குடுத்தனுப்புனீங்க?”

“ஜாடிக் கதை சொன்னது யாரு?” என்றார். “அந்த ராசா கையில கோடாலி இருந்துச்சு. என் கையில மஞ்சப்பைதான் இருந்துச்சு. நீ சாமி பேரைச் சொல்லி நாலு பேரு முன்னாடி நிக்கணும்னு நெனச்சேன். மொட்டை போடுவேன்னு நெனக்கல. அது ஓசி.”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை நீட்டி, வளைத்த விரலால் என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் கம்மோடைத் தட்டுகிற அதே தட்டு. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“கிராக் இருக்கு.”

“கிராக் இருந்தா உடைச்சுப் போடணும்ணே. ரூலு.”

“ரூலெல்லாம் நீ சொல்லித்தானப்பா எனக்குத் தெரியும்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னொரு தடவை தட்டிக் கேட்டார். “செகண்ட் குவாலிட்டியில போடு. போய்க் கையக் கழுவிட்டு வா, சோறு ஆறுது.”